மேல என்றால் மேற்கு இல்லை

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மூணாறில் மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்த நாட்கள். கடைவீதியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடியில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில், கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். யானை என்னிடமிருந்து எத்தனையோ வளைவுகள் தாண்டி, வேறொரு சரிவில் நின்றுகொண்டிருந்தது. அதன் தும்பிக்கை நுனியைக்கூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு என்னை நடுங்க வைத்தது, என் கண்ணெதிரே திரையில் இருந்த ஒரு வரி. அதை எழுதியதும் நானேதான்.

முதலில் நான் அங்கே எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் மீனாட்சிபுரம் பக்கம். கறவை மாடும் தென்னையும் உள்ள வீடு. கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு ஊரிலேயே இருந்தால் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள் என்று, தங்கும் விடுதிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டேன். வேலை என்னவோ சுலபம். அறை வாடகையையும் போட்டோவையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! கொஞ்ச நாளிலேயே வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று பரபரத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த ஜீப் அண்ணன் பழக்கமானார். எங்கள் விடுதிகளுக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவார். பக்கத்து தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மனைவிக்கு அந்த எஸ்டேட் பாக்டரியில் வேலை. நான் விடுதிச் சாப்பாட்டைத் தின்று மெலிகிறேன் என்று அந்த அக்கா தினமும் அண்ணன் கையில் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்துவிடுவார். மூணாறில் எனக்கு இருந்த உறவு அந்த டிபன் பாக்ஸ்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவர்கள் எஸ்டேட்டில் யானை நடமாட்டம் அதிகம். எஸ்டேட்டு இளைஞர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யாராவது யானையைப் பார்த்தால் உடனே அதில் எழுதிப் போடுவார்கள். ஆனால் கொழுந்து பறிக்கிற, பாக்டரியில் வேலை செய்கிற பெண்கள் பலரிடம் இருந்தது சாதாரண பட்டன் போன். குழுவில் வரும் செய்தி அவர்களுக்கு எட்டாது. ஒருநாள் அண்ணன் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, "நான் ஒண்ணு பண்ணித் தரட்டுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். குழுவில் செய்தி விழுந்ததும் என்னுடைய புரோகிராம் அதைப் படிக்கும். எந்த லயத்தைப் பற்றியது என்று பார்க்கும். லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். பிறகு அந்த லயத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, செய்தியை மிஷின் குரலில் வாசித்துக் காட்டும். எடுக்காதவர்களுக்கும் டவர் கிடைக்காதவர்களுக்கும் விடாமல் திரும்பத் திரும்ப அடிக்கும். எல்லாம் தானாக நடக்க வேண்டும், யாரும் கை வைக்கத் தேவையிருக்கக் கூடாது என்பது என் பெருமை. கையால் ஒரு செய்தியை அனுப்புவதற்கு ஒரு பெட்டிகூட நான் வைக்கவில்லை.

அது எஸ்டேட்டில் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. போன் அடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு. அடிக்கவில்லையா, வழி சும்மா கிடக்கிறது, தைரியமாக நட. எல்லோரும் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது பாதியின் பயங்கரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை விளக்க வேண்டும். குழுவில் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஆனை, யானை, வெறும் 'ஆன', கொம்பன், தனியாகத் திரிகிற யானை என்றால் ஒத்தை. மலையாளமும் எஸ்டேட் இங்கிலீஷும் நடுநடுவே கலந்திருக்கும். மிஷினுக்கு இது புரியாது. அதனால் வாசிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்கு எங்களிடம் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒன்று உண்டு. செல்லமாக ரீஜெக்ஸ். 'இந்த உருவத்தில் எது வந்தாலும் பிடி, பிடித்து இப்படி மாற்று' என்று ஒரே வரியில் கட்டளை போடலாம். மந்திரம் மாதிரி வேலை செய்யும். மந்திரம் மாதிரியே, ஒரு புள்ளி பிசகினால் வேறு எதையோ செய்துவிடும்.

அன்று காலையில் அண்ணன் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்.

"என்ன தங்கச்சி, நேத்து வந்தது ஒரு ஆனதான? உன் மிஷினு ரெண்டுங்குது!"

முந்தின நாள் குழுவில் வந்த செய்தி இதுதான்: 'ஆன போயிருச்சு. ஆனா குட்டி நிக்குது.' என் புரோகிராம் 'ஆன' என்பதை 'யானை' என்று மாற்றியது சரி. 'ஆனா' என்பதிலும் முதல் இரண்டு எழுத்தை யானையாக்கிவிட்டது. மிஷின் தடுமாறி, "யானை போயிருச்சு, யானை, குட்டி நிக்குது" என்று லயம் முழுக்க அறிவித்திருக்கிறது.

"எங்க மாமியா கட்டிலுக்கு அடியில போயி படுத்துருச்சு. ரெண்டு ஆனயும் குட்டியும் போனாத்தான் வருவேன்னு ஒரே பிடிவாதம். நீயே வந்து கூப்புடு."

"ஐயோ, மன்னிச்சுக்குங்கண்ணா. இப்பவே பாத்துர்றனுங்க."

"பாத்துர்றனுங்க, செஞ்சுர்றனுங்க... அப்படியே இந்த 'ங்க'வை எடுக்குறதுக்கும் ஒரு ரூல் போடு தாயி" என்றார்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. 'ஆன' முழுச் சொல்லாக நிற்கும்போது மட்டும் மாற்று என்றுதான் நான் சொல்லியிருந்தேன். ஆனால் நான் எழுதிய முறையில், 'ஆனா'வின் கடைசியில் இருக்கிற அந்தத் துணைக்காலை அது எழுத்தாகவே மதிக்கவில்லை. கமா, முற்றுப்புள்ளி மாதிரி ஏதோ ஒரு குறி என்று நினைத்து, 'சொல் இங்கேயே முடிந்துவிட்டது' என்று தீர்மானித்துவிட்டது. இங்கிலீஷை மனதில் வைத்துச் செய்த ஏற்பாட்டில் தமிழின் காலும் கொம்பும் இப்படித்தான் அனாதையாகிவிடும். பின்னால் காலோ கொம்போ சுழியோ வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். பழைய செய்திகளை ஓட்டிப் பார்த்தேன். ஆனா ஆனாவாகவே இருந்தது. ஆன யானையானது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில், கையோடு இன்னொன்றையும் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. அந்த எஸ்டேட்டில் மேற்கு டிவிஷன் என்று ஒரு பகுதி இருந்தது. அதை மேக்கு, மேர்க்கு, வெஸ்ட் என்று இஷ்டத்துக்கு எழுதுவார்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் பிடித்து 'மேற்கு' ஆக்கினேன். அந்தப் பட்டியலில் 'மேல' என்ற சொல்லையும் சேர்த்தேன்.

ஏன் சேர்த்தேன்? யோசித்துச் செய்யவில்லை, அதுதான் உண்மை. எங்கள் ஊர்ப் பக்கம் மேலத் தெரு என்றால் மேற்குத் தெரு. கீழத் தோட்டம் என்றால் கிழக்குத் தோட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் தென்னையுமாகத் தட்டையாகக் கிடக்கிற பூமி. அங்கே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்ன இருக்கிறது? 'மேல' என்று கேட்டதும் என் கை தானாகச் சூரியன் மறைகிற பக்கம்தான் நீளும். அப்படியே வளர்ந்துவிட்டேன்.

அண்ணன் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். திரையில் வெறும் அடைப்புக்குறியும் கோடும் நட்சத்திரக் குறியுமாக இருந்ததால் அவர் கவனிக்க ஒன்றுமில்லை. "சரி, நான் வியூ பாயிண்ட் ட்ரிப்பு போறேன். அங்க டவர் கெடைக்காது. உங்க அக்காக்கு இன்னைக்கு சாயங்காலம் விடுற ஷிப்டு, ஏதும்னா அவட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆனது. பனி இறங்கி, எதிர்க்கடை போர்டுகூட மங்கலாகிவிட்டது. கம்பெனியில் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு விடுதியின் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது குழுவில் ஒரு செய்தி விழுந்தது. எஸ்டேட்டின் எதிர்ச் சரிவில் காவலுக்கு நிற்கும் வாச்சர் அனுப்பியது. அவர் இருந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரியும். ஆனால் கத்தினால் கேட்காது.

'மேல லயம் தண்ணித்தொட்டி பக்கம் ஆன. ஒத்தை.'

என் புரோகிராம் அடுத்த நொடியே அதை மாற்றி, போன்களை அடிக்கத் தொடங்கியது. திரையில் ஓடிய வரி: 'மேற்கு லயம் தண்ணித்தொட்டி பக்கம் யானை. ஒற்றை.' எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று நான் ரசித்தேன். சத்தியமாக ரசித்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. மேற்கு டிவிஷனில் இருந்து ஒரு பெரியம்மா.

"ஏம்மா, நல்ல சமாச்சாரம் சொன்ன போ. எங்க லயத்துல ஏதும்மா தண்ணித்தொட்டி? கொழாத் தண்ணிக்கே நாங்க லாட்டரி அடிக்கிறோம்!"

நான் சிரிக்கப் போனேன். வாய் பாதியிலேயே நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டி இருந்தது மேல லயத்தில். மேல லயம் மேற்கில் இல்லை. அது மேலே இருந்தது. சரிவின் உச்சியில், பாக்டரியிலிருந்து ஏறிப் போகிற பாதையின் முடிவில். அண்ணனும் அக்காவும் குடியிருந்த லயம் அதுதான். ஷிப்ட் முடிந்து அக்கா இந்நேரம் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருப்பார். அவரிடம் இருந்ததும் பட்டன் போன்தான், அது அடித்திருக்காது. அடிக்காததால், வழி சும்மா கிடக்கிறது என்று நம்பி நடந்துகொண்டிருப்பார்.

அக்காவின் எண்ணைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சாவகாசமாகச் சொன்னது. பாக்டரி ரோட்டில் வளைவு திரும்பினால் டவர் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அக்கா பாக்டரியில் இல்லை, கிளம்பிவிட்டார். பாக்டரி எண்ணுக்கு அடித்தேன். ஷிப்ட் மாறும் நேரம், யாரும் எடுக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தேன். அவர் சொல்லிவிட்டுப் போனது போலவே டவர் இல்லை.

நிதானமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நான் நிதானமாக இல்லை. ஒரு வரிதானே, சரிசெய்து அனுப்பிவிடலாம் என்று கை ஓடியது. போன் அடிப்பதை முதலில் நிறுத்தினேன். இனி நான் ஓடவிட்டால்தான் எதுவும் போகும். பட்டியலில் இருந்த 'மேல'வை மேற்கிலிருந்து பிடுங்கி, 'மேல லயம்' என்று மாற்றும்படி புதிதாக ஒரு வரி எழுதினேன். விரல் எங்கெங்கோ பட்டது. ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டு, புரோகிராம் சிவப்பாகக் கத்தியது. மூடினேன். இந்த முறை தப்பான இடத்தில் மூடியிருந்தேன். கீபோர்டில் என் கை வியர்வை ஈரமாகப் பளபளத்தது.

ஒருவழியாக ஓடியது. அனுப்பப் போகும் நேரத்தில் வாச்சரின் அடுத்த செய்தி விழுந்தது.

'ஆன எறங்கிருச்சு. இப்ப பாக்டரி ரோட்டுக்கு மேல நிக்குது.'

அதைப் புது வரியில் ஓட்டிப் பார்த்தேன். திரையில் வந்தது இது: 'யானை எறங்கிருச்சு. இப்ப பாக்டரி ரோட்டுக்கு மேல லயம் நிக்குது.'

மிஷின் வாசிப்பதில் காதில் பளிச்சென்று விழப்போவது 'மேல லயம்' என்ற இரண்டு சொற்கள்தான். அதைக் கேட்டால் அக்கா என்ன நினைப்பார்? யானை வீட்டுப் பக்கம் இருக்கிறது, கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நிற்போம் என்று நினைப்பார். யானை நின்றதோ அந்த ரோட்டை ஒட்டிய மேட்டில். என் முதல் தவறு அக்காவுக்கு ஒன்றுமே சொல்லாமல் விட்டது. இந்தத் தவறு, யானை இருக்கும் இடத்திலேயே அவரை நிறுத்தி வைத்திருக்கும்.

காலையில் எவ்வளவு பெருமையாக அந்த நிபந்தனையைச் சேர்த்தேன்! பின்னால் கொம்பு வந்தால் தொடாதே என்று. புத்தகத் தமிழில் 'மேலே' என்று எழுதியிருந்தால், கொம்பைப் பார்த்து விட்டிருக்கும். பேச்சில் யார் 'மேலே' என்கிறார்கள்? 'மேல' என்றுதான் எல்லோரும் சொல்வோம். மேல லயத்திலும் மேல, ரோட்டுக்கு மேலயும் மேல. எழுத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க எந்தச் சூத்திரம் எழுதுவது? மனது அந்த நேரத்திலும் அடுத்த சூத்திரத்தைத் தேடியது. முன்னால் 'க்கு' வந்தால் இப்படி, பின்னால் லயம் வந்தால் அப்படி... இப்படி ஓர் அரைவரி எழுதியும்விட்டேன்.

அப்போதுதான் பக்கத்துப் பெட்டியில் இருந்த வாச்சரின் செய்தியை மறுபடி பார்த்தேன். அவர் எழுதியபடியே, யாரும் தொடாமல் இருந்தது. 'பாக்டரி ரோட்டுக்கு மேல நிக்குது.' எஸ்டேட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது புரியும். இதில் நான் திருத்த என்ன இருக்கிறது?

மாற்றுகிற வரிகள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். எந்த லயம் என்று தேடுகிற பகுதியையும் அழித்தேன். வந்த செய்தி வந்தபடியே, எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை எண்களுக்கும் போகட்டும் என்று வைத்தேன். புரோகிராமை ஓடவிடும் பொத்தானில் விரல் வைத்தபோது இன்னொரு பயம் வந்து என்னை அப்படியே உறைய வைத்தது.

அக்காவின் போன் மணிச்சத்தம் எனக்குத் தெரியும். லயத்தின் இந்தக் கோடியில் அடித்தால் அந்தக் கோடியில் கேட்கும். அண்ணன் அதைக் கிண்டல் செய்யாத நாளில்லை. அக்கா ஏற்கெனவே யானைக்குப் பக்கத்தில் போயிருந்தால்? பனியில் அது தெரியாமல் இவரும், இவர் தெரியாமல் அதுவும் இருந்தால்? நான் அடிக்க வைக்கிற போனே அவரைக் காட்டிக்கொடுத்துவிடாதா? அடிக்காமல் விட்டால் யானைக்கு நேராக நடப்பார். அடித்தால், எங்கே நிற்கும்போது அடிக்குமோ தெரியாது. இரண்டில் ஒன்றை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அறையில் கேட்க ஆளில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

திரையில் எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. எடுத்தார்கள், கேட்டார்கள், வைத்தார்கள். அக்காவின் எண் மட்டும் மஞ்சளிலேயே இருந்தது. கிடைக்கவில்லை, மறுபடி, கிடைக்கவில்லை. திடீரென்று அதுவும் பச்சையானது. செய்தி போய்விட்டது. உடனே நான் அக்காவுக்கு அடித்தேன். மறுபடி எல்லைக்கு வெளியே. கொஞ்சம் கழித்து அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. யானை வரும்போது யாருடன் பேசுவார்? போன் கீழே விழுந்து அப்படியே கிடக்கிறதோ? என்னென்ன கற்பனை வரக்கூடாதோ அத்தனையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தால், ஊரிலிருந்து அம்மா.

"ஏங்கண்ணு, டீ குடிச்சியா? நம்ம செவலை கன்னு போட்ருச்சு சாமி. பொட்டக் கன்னு!"

"அம்மா, அப்பறம் கூப்படறன், வைம்மா" என்று கத்திவிட்டேன். அம்மாவிடம் அப்படி நான் கத்தியதே இல்லை.

அடுத்து வந்தது அண்ணன். டவர் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நான் அடித்தது தெரிந்து கூப்பிட்டிருக்கிறார். பின்னால் சுற்றுலாக்காரர்கள் சிரிப்பது கேட்டது.

"என்ன தங்கச்சி? மிஷினு எனக்கும் பேசுச்சு. பாக்டரி ரோட்டுலயா? அவளுக்குப் போன் போச்சா?"

"போச்சுங்கண்ணா. ஆனா லேட்டாத்தான் போச்சுங்க. மொதல்ல மேல லயத்தை நான் மேக்குன்னு மாத்தி... எம் மேல தப்புங்கண்ணா. அக்கா போனு பிஸியாவே இருக்குதுங்க."

அண்ணன் சுற்றுலாக்காரர்களை ஏறச் சொல்லி அதட்டினார். சிரிப்புச் சத்தம் நின்றது. ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. "நீ எடத்தை விட்டு எந்திரிக்காத. வாச்சர் என்ன போட்டாலும் அப்படியே அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய் ஏதாவது செய்ய முடிந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு தண்டனை கிடையாது. கீழே கடையில் ஷட்டரை இழுத்த சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. யானை ரோட்டில் இறங்கிவிட்டதாக வாச்சர் எழுதினார். அனுப்பினேன். பனி மூடிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினார். அதையும் அப்படியே அனுப்பினேன்.

கடைசியில் என் போனில் அக்காவின் பெயர் வந்தது. எடுத்தேன்.

"என்ன புள்ள, இத்தன தடவ அடிச்சிருக்க?" என்றார் அக்கா.

அவ்வளவுதான், அழுதுவிட்டேன்.

நடந்தது இதுதான். அக்காவும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் ஷிப்ட் முடிந்து பேசிக்கொண்டே வளைவைத் தாண்டி, பாலத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் டவர் லேசாகக் கிடைக்கும். போன் அடித்திருக்கிறது. 'ரோட்டுக்கு மேல நிக்குது' என்று காதில் விழுந்ததும் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மேட்டைப் பார்த்திருக்கிறார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் செடி நெரிபடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி நடந்து பாக்டரி கேட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்கள் நின்றிருந்த பாலத்தை ஒட்டித்தான் யானை பிறகு ரோட்டைக் கடந்து போயிருக்கிறது. மறுநாள் காலையில் அங்கே கைப்பிடிச் சுவர் சரிந்து கிடந்ததைப் பார்த்தார்களாம்.

போன் ஏன் பிஸியாகவே இருந்தது? கேட்டுக்குள் போனதும், அக்கா பின்னால் வரவேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ரோட்டுக்கு வராதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் என் தப்பை முழுவதும் சொன்னேன். மேல என்றால் மேற்கு என்று நினைத்ததை, முதல் போன் வராமல் போனதை, எல்லாவற்றையும். அக்கா, "மேக்கா? நல்லா இருந்துச்சு போ! எங்கள மேல அனுப்பி வைக்கப் பாத்தியாக்கும்" என்றார். அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடியும் இடத்தில் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. அக்காவும் பயந்துதான் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன நாளா உன் மிஷினு ஏதோ ரேடியோ நியூஸ் மாதிரி பேசும். இன்னைக்கு வாச்சர் மாமா பேசுற மாதிரியே பேசுச்சு. அதான் சட்டுனு வெளங்குச்சு."

அண்ணன் என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. டிபன் பாக்ஸ் மட்டும் வேறொரு டிரைவர் கையில் வந்தது. மூன்றாம் நாள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தெந்த வார்த்தையெல்லாம் மாத்தி வச்சிருந்த? ஒண்ணொண்ணா வாசி" என்றார். வாசித்தேன். சிலவற்றுக்குத் தலையாட்டினார். சிலவற்றுக்கு "இது எங்க ஊர்ல வேற" என்றார். 'மேல' வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து எஸ்டேட்டில் எனக்குப் பெயரே 'மேக்கு' என்றாகிவிட்டது. "மேக்கு வந்துருச்சு, டீ போடு" என்பார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

இப்போது அந்த புரோகிராம் எதையும் மாற்றுவதில்லை. வாச்சர் எழுதுவதை எழுதியபடியே சொல்கிறது. லயம் தெளிவாகத் தெரியாவிட்டால், ஒரு லயத்தையும் விடாமல் எல்லோருக்கும் அடிக்கிறது. தேவையில்லாமல் போன் அடிக்கிறது என்று மேற்கு டிவிஷன் பெரியம்மா திட்டுகிறார். திட்டட்டும். கையால் அனுப்பவும் ஒரு பெட்டி வைத்துவிட்டேன்.

நான் இன்றும் ரீஜெக்ஸ் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பிழைப்பே அதுதான். ஆனால் ஒருவர் சொன்ன சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றுகிற வரியை எழுதி முடித்து, பொத்தானில் விரலை வைக்கும்போதெல்லாம், அவர் எந்தச் சரிவில் நின்றுகொண்டு அதைச் சொல்லியிருப்பார் என்று ஒரு நொடி பயம் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன்.